சாம்பல் ஏந்திய கலங்கள்

மலாய்மொழியில் 'பண்டார்' என்பது நகரத்தையும், 'தெங்காரா' என்பது தென்கிழக்குத் திசையையும் குறிக்கும். இவ்விரு சொற்களால் பெயர் பெற்ற பண்டார் தெங்காரா, 1972-இல் நிறுவப்பெற்ற தென்கிழக்கு ஜோகூர் வளர்ச்சி வாரியத்தின் முயற்சியால் காடு திருத்தி எழுப்பப்பட்ட நகரங்களுள் ஒன்று. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இத்தகைய புதுநகரத்திற்கென்று பழங்கோட்டையோ பழங்கடைவீதியோ இருத்தல் அரிது. அங்குள்ள பழம்பொருள்களெல்லாம் வேறு ஊர்களிலிருந்தும் பழைய தோட்டங்களிலிருந்தும் குடிபெயர்ந்தோரின் மூட்டைகளோடு வந்தவையே. குத்துவிளக்கு, வெற்றிலைப்பெட்டி, ரப்பர்ப்பால் ஏந்திய மங்கு ஆகியவற்றோடு, விளிம்பில் மூன்று நான்கு பள்ளங்கள் வெட்டப்பட்ட சிறு கிண்ணம் ஒன்றும் சில வீடுகளின் கண்ணாடி அலமாரியில் இடம் பெறுவதுண்டு. அப்பள்ளங்கள் எதற்கென்று இன்றைய பள்ளி மாணவரைக் கேட்டால், பலர் விடை சொல்ல அறியார்.

அதுவே சாம்பற் கிண்ணம். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அலுவலகத்திலும், விடுதியிலும், விமானத்திலும், வீட்டுக் கூடத்திலும் இல்லாத இடமில்லை என்னும்படி இருந்தது. இன்று அது பழம்பொருள் சேர்ப்போரின் அலமாரியில் அழகுப் பொருளாகி நிற்கிறது. பயன் போய் அழகு மட்டும் எஞ்சிய அக்கலம், ஒரு காலத்து மனிதர் எவ்வாறு விருந்தினரை வரவேற்றனர், யாருடைய உழைப்பில் எவர் இன்புற்றனர் என்பவற்றுக்குச் சான்றாகவும் உள்ளது.

தாம்பூலக் கலங்களின் வழி

விருந்தினர்முன் ஒரு கலத்தை வைத்துப் போற்றும் வழக்கம் புகையிலையோடு வந்ததன்று. தமிழர் வீட்டில் அவ்விடத்தை முன்பே பெற்றிருந்தது தாம்பூலம். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், உணவு படைத்த கண்ணகி கோவலனுக்கு வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். பிற்காலத்து அரசவைகளில் அடைப்பைக்காரர் என்றொரு பணியாளர் வகுப்பே இருந்தது. வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், துப்புவதற்குரிய படிக்கம் என இப்பழக்கத்தைச் சூழ்ந்து ஒரு கலத்தொகுதி வளர்ந்தது. மலாய் மக்களிடத்தும் இதற்கு இணையான தொகுதி உண்டு. வெற்றிலைப் பேழையைத் 'தெப்பாக் சிரே' என்றும், பாக்குவெட்டியைக் 'காச்சிப்' என்றும், படிக்கத்தைக் 'கெத்தூர்' என்றும் அவர்கள் வழங்குவர். திருமணச் சடங்கில் தெப்பாக் சிரே இன்றும் முன்னே செல்கிறது.

இவற்றுள் படிக்கத்தின் நிலை கருதத்தக்கது. அது கழிவை ஏற்கும் கலம். ஆயினும் செல்வர் வீட்டில் அது பித்தளையிலும் வெள்ளியிலும் சித்திர வேலைப்பாட்டோடு அமைந்தது. விருந்தினர் விட்டுச் செல்லும் எச்சத்தையும் அழகிய கலத்தில் ஏற்பதே உபசாரம் எனக் கருதப்பட்டது. சாம்பற் கிண்ணம் இப்படிக்கத்தின் வழித்தோன்றல் எனலாம்.

சுருட்டும் அதன் சாம்பலும்

அமெரிக்க மண்ணுக்குரிய புகையிலை, போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வந்த விருந்தாளியைத் தமிழ் விரைவிலேயே தன்னதாக்கிக் கொண்டது. புகையையும் இலையையும் இணைத்துப் பெயர் சூட்டியதோடு நில்லாமல், அதனைப் பழனி முருகனிடத்தே தூது விடுவதாகச் சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்றொரு நூலையும் பாடினார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்துள்ளார். தூது நூல்களில் அன்னமும் மேகமும் தமிழும் பெற்ற இடத்தைப் புகையிலையும் பெற்றதெனில், அது மக்கள் வாழ்வில் எத்துணை ஊன்றியிருந்தது என்பது விளங்கும்.

தமிழ் பெற்றுக்கொண்டது போலவே கொடுத்ததும் உண்டு. 'சுருட்டு' என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' என வழங்குகிறது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து புகழ் பெற்றிருந்தது. ஆர்தர் கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த கருமையான சாம்பலைச் சேகரித்து ஆராயும் துப்பறிவாளர், அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலே எனத் தெளிகிறார். 140 வகைப் புகையிலைகளின் சாம்பலைப் பற்றி அவர் ஆய்வுரை எழுதியிருப்பதாகவும் பின்வந்த கதைகள் கூறும். சாம்பல்கூடத் தன் ஊரைச் சொல்லும் என்னும் இக்கற்பனை, சாம்பலை ஏந்திய கலத்திற்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

கிண்ணம் எங்கும் பரவியதற்குக் காரணம் சுருட்டைவிடச் சிகரெட்டே. 1881-இல் அமெரிக்கராகிய ஜேம்ஸ் பான்சாக் சிகரெட் சுற்றும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கைவல்ல தொழிலாளர் ஒருவர் ஒரு நாளில் சில ஆயிரம் சிகரெட்டுகளைச் சுற்றக்கூடிய காலத்தில், அப்பொறி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 சுற்றியது. விலை குறைந்தது, பழக்கம் பெருகியது. வெளியில் புகைத்தவர் வீட்டுக்குள்ளும் புகைக்கலாயினர். கம்பளமும் மெருகிட்ட மரத்தளமும் உள்ள அறையில் சாம்பலை எங்கே தட்டுவது என்னும் வினாவுக்கு விடையாகவே மேசைதோறும் கிண்ணம் வந்து அமர்ந்தது. மண்தரையில் அமர்ந்து புகைத்தவருக்கு அது தேவைப்படவில்லை. ஆதலால் சாம்பற் கிண்ணத்தின் வரலாறு, ஒரு வகையில், தரையின் வரலாறும் ஆகும்.

ஊதுபத்திக் கலத்திலிருந்து

மலாயாவில் இக்கலம் உருப்பெற்ற வரலாறு சுவையானது. வெள்ளீயத்தால் சிறந்த நாடு மலாயா. 1883-ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் எடுத்த நாடு அதுவே. 1885-இல் யோங் கூன் என்னும் சீன இளைஞர், தெற்குச் சீனத்து ஷாந்தோவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து ஈயக்கலம் செய்யும் தொழிலில் ஈடுபட்டார். தொடக்கத்தில் அவர் செய்தவை வழிபாட்டுக் கலங்களே: ஊதுபத்தி நாட்டும் கலம், தூபக்கால், மெழுகுவத்தித் தண்டு. பின்னர் ஆங்கிலேயர் பெருகிய காலத்தில், அவர்கள் விருப்பத்திற்கேற்ப பீர்க்குவளை, தேநீர்க்கலம், சாம்பற் கிண்ணம் ஆகியவை அத்தொழிலகத்தில் உருவாயின. அதுவே 1979-இல் சிலாங்கூர் சுல்தானின் அரச ஏற்புப் பெற்று, 1992 முதல் 'ராயல் சிலாங்கூர்' என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படும் நிறுவனமாகும்.

முன்னோர் படத்தின்முன் எரிந்த ஊதுபத்தியின் சாம்பலை ஏற்கக் கலம் வார்த்த தொழில், துரைமார் மேசையில் சிகரெட்டின் சாம்பலை ஏற்கவும் கலம் வார்த்தது. உலோகமும் அதுவே, வேலைத்திறனும் அதுவே, ஏற்றதும் சாம்பலே. மாறியது யார்முன் வைக்கப்பட்டது என்பதுதான். குடியேற்ற ஆட்சி ஒரு நாட்டின் கைத்தொழிலை எவ்வாறு திசைதிருப்புகிறது என்பதை விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பியூட்டர் எனப்படும் இக்கலவையில் 97 விழுக்காடு வெள்ளீயம். எஞ்சியவை செம்பும் ஆண்டிமனியும். அவ்வெள்ளீயத்தைத் தோண்டியவர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். நாட்டின் தண்டவாளமும் சாலையும் அமைத்ததில் தமிழர் பங்கு பெரிது. 1985-இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபின் மலேசியச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சுரங்கம் இருந்த இடத்தில் குளம் இருக்கிறது. சுரங்கத்தின் நினைவாகக் கிண்ணமும் இருக்கிறது.

பங்களாவும் லயமும்

ரப்பர்த் தோட்டத்தில் இருவகைக் கிண்ணங்கள் இருந்தன. ஒன்று, துரை பங்களாவின் முன்கூடத்தில் சாய்வு நாற்காலிக்கு அருகே இருந்த சாம்பற் கிண்ணம். நாள்தோறும் அதைக் கழுவித் துடைத்து வைப்பது பணியாளர் வேலை. மற்றொன்று, மரத்தில் கட்டிய கம்பியில் அமர்ந்து பாலை ஏந்திய மங்கு. தொடக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையாக இருந்த மங்கு, பின்னர் மெருகிட்ட பீங்கானாகவும் கண்ணாடியாகவும் மாறியது. லயத்து வீட்டில் சுருட்டுப் பிடித்தவர் வாசல் மண்ணிலேயே சாம்பலைத் தட்டினார். அவருக்குரிய கிண்ணம் காட்டில், மரத்தடியில் இருந்தது.

இன்று இவ்விரண்டும் ஒரே பழம்பொருட் கடையில், ஒரே தட்டில் அடுக்கப்படுகின்றன. பீங்கான் மங்கின் வாய்விரிவும் கனமும் கண்டு அதனையே சாம்பற் கிண்ணமாகவும், சிறு பூந்தொட்டியாகவும் கொள்வோர் உண்டு. அறியாமல் அவ்வாறு செய்வது பிழையன்று. ஆயினும் விடியற்காலைப் பனியில் பாட்டன் பாட்டியர் கைபட்ட மங்கு எது, மாலையில் துரை சாம்பல் தட்டிய கிண்ணம் எது என்று வேறுபடுத்திக் காட்ட ஒருவர் வீட்டில் இல்லாமற் போனால், இரண்டும் வெறும் பீங்கானாகிவிடும்.

அரண்மனையின் வேட்டைப் பொருள்கள்

ஜோகூரில் சாம்பற் கிண்ணத்தின் மற்றொரு முகத்தையும் காணலாம். ஜோகூர் பாருவில் 1866-இல் எழுந்த இஸ்தானா பெசார் என்னும் பேரரண்மனை, 1990-இல் சுல்தான் அபு பக்கார் அரச அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் புலிவேட்டையில் பேர்போனவர். அங்குள்ள வேட்டைக் கூடத்தில் யானைக்காலால் ஆன குடைத்தாங்கிகளும் மான்காலால் ஆன சாம்பற் கிண்ணங்களும் இருந்ததைப் பயணக் கையேடுகள் வியப்போடு குறித்துள்ளன. அக்காலத்து ஐரோப்பியப் பெருமக்களும் இந்திய மன்னரும் இத்தகைய பொருள்களைப் பெருமையாகக் கருதினர். இவற்றைச் செய்துதரும் தொழிலகங்களும் இருந்தன.

அன்று வீரத்தின் அடையாளமாக இருந்தது, இன்று வேறொன்றை உணர்த்துகிறது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. பண்டார் தெங்காரா போன்ற நகரங்களும் தோட்டங்களும் எழுந்த நிலம் ஒரு காலத்தில் அவ்விலங்குகள் உலவிய காடே. ஆதலால் அரண்மனைக் கிண்ணத்தை மட்டும் பழித்துவிட்டுப் போதல் நேர்மையாகாது. எனினும், பாதுகாக்கப்பட்ட விலங்கின் உறுப்பால் ஆன பழம்பொருளை உரிமமின்றி வைத்திருப்பதை 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பதைச் சேகரிப்போர் மறத்தலாகாது.

ஓவியர் கேட்ட யானை

இந்தியாவிலும் சாம்பற் கிண்ணம் பழைய கைத்தொழிலைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. கர்நாடகத்துப் பீதர் நகரில், துத்தநாகமும் சிறிது செம்பும் கலந்து வார்த்து, வெள்ளிக்கம்பி பதித்து, பழங்கோட்டை மண்ணால் கருமையேற்றிச் செய்யும் 'பித்ரி' வேலை புகழ் வாய்ந்தது. முகலாயர் காலத்திலும் தக்காணச் சுல்தான்கள் காலத்திலும் அதன் சிறப்பு மிகுந்த படைப்புகளுள் ஒன்று உக்காவின் அடிக்கலம். உக்கா மறைந்து சிகரெட் வந்தபோது, அதே கைவினைஞர் சாம்பற் கிண்ணமும் சிகரெட் பேழையும் செய்யலாயினர். 2006-இல் பித்ரி வேலை புவிசார் குறியீடு பெற்றது.

இதனினும் வியப்பான கதை 1967-இல் நிகழ்ந்தது. ஏர் இந்தியா நிறுவனம் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடார் டாலியிடம் முதல் வகுப்புப் பயணியர்க்குப் பரிசளிக்கத்தக்க சாம்பற் கிண்ணம் ஒன்றை வடிவமைத்துத் தரக் கேட்டது. நடுவே சிப்பி, அதன் விளிம்பைச் சுற்றிப் பாம்பு, கீழே தாங்கிகள். ஒரு நிலையில் பார்த்தால் யானைத்தலை, தலைகீழாகப் பார்த்தால் அன்னம் என்று அவர் அமைத்தார். பிரான்சின் லிமோஜ் நகரப் பீங்கானில் ஏறத்தாழ 500 கிண்ணங்களே செய்யப்பட்டன. கூலியாக ஓவியர் பணம் கேட்கவில்லை. ஒரு யானைக்கன்று கேட்டார். பெங்களூரிலிருந்து கன்று ஒன்று பாகனோடு விமானமேறி ஜெனீவா சென்று, அங்கிருந்து வண்டியில் ஸ்பெயினின் கடாக்கேஸ் ஊரை அடைந்தது. பின்னர் அது வலென்சியா நகர விலங்குக் காட்சிச்சாலையில் வளர்ந்தது.

அக்கிண்ணங்கள் இன்று ஏலங்களில் பெருவிலை பெறுகின்றன. ஜோகூர் அரண்மனையில் விலங்கின் கால் கிண்ணமாயிற்று. இங்கே ஒரு கிண்ணத்தின் விலையாக ஒரு விலங்கு தன் காட்டையும் கூட்டத்தையும் இழந்தது. அழகுக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கின்றனர் என்பதை இவ்விரு கிண்ணங்களும் காட்டுகின்றன.

சட்டம் அகற்றிய கலம்

சாம்பற் கிண்ணத்தின் வீழ்ச்சி மருத்துவ ஆய்வில் தொடங்கியது. 1950-இல் இங்கிலாந்தில் டால், ஹில் ஆகியோர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை அதனை உலகறியச் செய்தது. ஆயினும் பழக்கம் உடனே மாறவில்லை. அக்காலத்து மேலைநாட்டுப் பள்ளிகளில் களிமண் பாடம் கற்ற சிறுவர், பெற்றோருக்குப் பரிசாகச் செய்த பொருள் பெரும்பாலும் சாம்பற் கிண்ணமாகவே இருந்தது என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவில் 2008, அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பொதுவிடங்களில் புகைத்தலைத் தடுத்ததோடு, அங்கே சாம்பற் கிண்ணம், தீப்பெட்டி முதலியன வைத்தலாகாது என்றும் பெயர் சுட்டியே கூறின. மலேசியாவில் 2019, ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைத்தல் தடுக்கப்பட்டது. 2024, அக்டோபர் 1 முதல் புகைப்பொருள்களுக்கெனத் தனிச்சட்டமே நடைமுறைக்கு வந்துள்ளது. மேசைதோறும் இருந்த கிண்ணங்கள் பெட்டிகளுக்குள் சென்றன.

ஓரிடத்தில் மட்டும் சட்டமே அதனைக் காத்து நிற்கிறது. 1973, ஜூலை 11-ஆம் நாள் பாரிஸ் அருகே வாரிக் நிறுவனத்து விமானம் ஒன்று, கழிப்பறையில் மூண்ட தீயால் தரையிறங்கியதில் 123 பேர் மாண்டனர். குப்பைத்தொட்டியில் எறியப்பட்ட சிகரெட்டே காரணமாகலாம் எனக் கருதப்பட்டது. அதன்பின், புகைத்தல் தடுக்கப்பட்ட விமானத்திலும் கழிப்பறை வாயிலில் சாம்பற் கிண்ணம் இருந்தே ஆகவேண்டும் என்பது விதியாயிற்று. தடையை மீறுவோர் இருப்பர் என்பதை உணர்ந்து அமைத்த விதி அது.

சேர்ப்பதும் அடுக்குவதும்

பழங்கிண்ணத்தைச் சேர்ப்போர் முதலில் நோக்க வேண்டியது அதன் அடிப்புறத்தை. முத்திரையும் ஊர்ப்பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ராயல் சிலாங்கூர் நிறுவனம் போற்றிவரும் கதை ஒன்றுண்டு: ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் காஜாங்கில் ஒருவர் கிடங்கொன்றில் உணவு தேடியபோது, தரையில் கிடந்த ஈயத் தேநீர்க்கலத்தை எடுக்கக் குனிந்தார், அக்கணமே ஒரு குண்டு அவர் தலைக்குமேல் பறந்தது. உயிர்காத்த அக்கலம் யோங் கூன் செய்தது என்பதைப் பிற்காலத்தில் காட்டியது அடியிலிருந்த முத்திரையே.

அடுத்தது துலக்குதல். தமிழர் வீட்டில் பித்தளை என்றால் புளியிட்டுத் துலக்குவதே வழக்கம். பூசைப் பாத்திரத்திற்கு அது தகும். பழம்பொருளுக்கோ, காலம் ஏற்றிய நிறத்தை அது அகற்றிவிடும். பித்ரிக் கலத்தின் கருமைக்குப் புளி பகை. எண்ணெய் தொட்ட மென்துணியே போதும். பியூட்டருக்கு மென்சவர்க்கார நீர் தகும். ஆனால் வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகுமாதலால் அதை அடுப்பருகே வைத்தல் ஆகாது. பழைய மெருகுகளிலும் கலவைகளிலும் காரீயம் இருக்கக்கூடும். ஆதலால் எந்தச் சாம்பற் கிண்ணத்திலும் உணவுப்பொருள் வைத்தல் கூடாது. சாவி, நாணயம், பொத்தான், எழுதுகோல் முனை ஆகியவற்றுக்கு அது நல்ல இருப்பிடம். கண்ணாடிக் கிண்ணத்தில் நீர்விட்டுப் பூவொன்றை மிதக்கவிடலாம்.

அடுக்கும்போது பலவற்றை நெருக்கிக் குவிப்பதினும், மூன்று நான்கை இடம்விட்டு வைத்தல் நன்று. ஒவ்வொன்றின் அருகிலும் எங்கே செய்தது, எவரிடமிருந்து வந்தது, எவ்விடத்தில் இருந்தது என இரண்டு வரி எழுதிவைத்தால் அலமாரி ஒரு சிறு அருங்காட்சியகமாகும். பங்களாக் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு மங்கையும், அதன் பக்கத்தில் பாட்டியின் படிக்கத்தையும் வைத்தால், மாணவர் கேட்கும் கேள்விகளிலிருந்தே ஒரு வரலாற்றுப் பாடம் தொடங்கும்.

புகையிலைப் பழக்கம் ஒழிவது நன்றே. அதனோடு அக்கலங்களையும் எறிந்துவிட்டால், ஈயம் தோண்டியவரையும், பால் வெட்டியவரையும், வேலைக்காகக் குனிந்து கிண்ணம் கழுவியவரையும் நினைவூட்டும் சான்றுகள் குறையும். சாம்பல் காற்றில் கலந்துவிடும் பொருள். அதை ஏந்திய கலத்தில், படிக்கத் தெரிந்தவருக்குச் செய்தி எஞ்சியிருக்கிறது. பண்டார் தெங்காரா போன்ற புதுநகரத்து வீடுகளில் பெரியோர் இருக்கும்போதே அச்செய்தியைக் கேட்டு எழுதிவைத்தல், அங்குள்ள ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணியாகும்.